மார்கழிப் போர்வையும் ஏழு நிமிஷமும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் எழுதியது)

நண்பர்களே, முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

நான் முதலாமாண்டு படித்தபோது எங்கள் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக் கொண்டிருந்தார். எழுத்துத் தேர்வு நன்றாக எழுதியிருந்தார். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். இதில் ஒரு விநாடி பிந்தினாலும் அவ்வளவுதான். கயிறு ஏறுவதில் நீ புலியாக இருந்தாலும் கயிற்றுப் பக்கமே விடமாட்டார்கள்.

"தம்பி, நீ கூட ஓடி வா. வாட்ச்சைப் பாத்துச் சொல்லு, அது போதும்" என்றார் அண்ணன். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் மதகிலிருந்து தார் ரோட்டுப் பாலம் வரை போய்த் திரும்பினால் சரியாக 1500 மீட்டர். செல்போனில் அளந்து வைத்திருந்தோம். கார்த்திகையில் ஆரம்பித்தோம். பதினோரு நாள் ஓடினேன். பன்னிரண்டாம் நாள் மார்கழி பிறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை, ஒரே மூடுபனி. அண்ணன் வந்து கதவைத் தட்டியபோது போர்வைக்குள் இருந்துகொண்டே "காய்ச்சலடிக்குதுண்ணே" என்றேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுநாளும் அதே பொய். அதற்கு மறுநாள் அவர் தட்டவில்லை. கொஞ்ச நாள் தனியாக ஓடினார். அப்புறம் அவரும் விட்டுவிட்டார். பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம்.

தேர்வில் அவருக்கு 7 நிமிஷம் 9 விநாடி.

அந்த ஒன்பது விநாடியில் எத்தனை விநாடி என்னுடையது என்று இன்றுவரை எனக்குக் கணக்கு வரவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மார்கழியில் ஏன் உடம்பு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, எழுந்தாலும் ஏன் ஓட மாட்டேன் என்கிறது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும், இந்த வருஷம் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊர்க் குளிர் உண்மையிலேயே குளிரா?

தஞ்சாவூரில் மார்கழி, தை மாத விடியற்காலையில் வெப்பநிலை சாதாரணமாக 20, 22 டிகிரி இருக்கும். வடக்கே பஞ்சாபில் இருந்து வரும் லாரி டிரைவரிடம் இதைக் குளிர் என்று சொன்னால் சிரித்துவிடுவார். ஜவுளிக்கடையில் ஏசியை 24-ல் வைத்தால் "ஜில்லுன்னு இருக்கு" என்று அரை மணி நேரம் கூடுதலாக நின்று சேலை பார்க்கிறோம். அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் காதில் மப்ளர் கட்டிக்கொள்கிறோம். அப்படியானால் நாம் நடிக்கிறோமா?

நடிக்கவில்லை. தோலில் இருக்கும் குளிர் உணரும் நரம்பு நுனிகள் தெர்மாமீட்டர் மாதிரி எண்ணைப் படிப்பதில்லை, மாற்றத்தைத்தான் படிக்கின்றன. போர்வைக்குள் நம் தோல் 34, 35 டிகிரியில் இருக்கிறது. போர்வையை விலக்கினால் ஒரே நொடியில் 21 டிகிரிக் காற்று. பதிமூன்று, பதினாலு டிகிரி ஒரே தாவாகத் தாவுகிறோம். சித்திரை வெயிலில் 38-க்குப் பழகிய உடம்பு வேறு.

இன்னொன்று ஈரம். நம்முடையது வயல் நாடு. மார்கழியில் சம்பாவும் தாளடியும் நிற்கும், வயலில் தண்ணீர் நிற்கும், வடகிழக்குப் பருவமழை நனைத்த மண் காயாமல் இருக்கும். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. ராத்திரி வானம் மேகமில்லாமல் இருந்தால் தரை தன் வெப்பத்தை மேலே கதிர்வீச்சாக விட்டுவிட்டுக் குளிர்ந்து போகும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி தடுக்கும். மழை பெய்த ராத்திரியைவிட நட்சத்திரம் தெரிகிற ராத்திரிதான் குளிருவது இதனால்தான். குளிர்ந்த புல்லின் மேல் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படிகிறது. அதுதான் பனி. பனி "இறங்குவது" இல்லை நண்பர்களே, அந்தந்த இடத்திலேயே உண்டாவது. தலையில் துண்டு போட்டுக்கொண்டால் பனி இறங்காது என்று எங்கள் ஆத்தா சொல்வதை நான் மறுப்பதில்லை, துண்டு தலைச்சூட்டைக் காப்பது உண்மைதான். ஆனால் சளி பிடிப்பது வைரஸ் கிருமியால், பனியால் இல்லை. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பனிப்புல்லில் செருப்பில்லாமல் நடந்தால் உச்சந்தலை வரை ஏறுவதற்கு அதுதான் காரணம்.

இங்கே ஒரு வேடிக்கை. கோவில் மைக்கிலும் பட்டிமன்றத்திலும் செல்போனிலும் வருஷா வருஷம் ஒரு செய்தி வரும்: மார்கழி அதிகாலையில் ஓசோன் வாயு பூமிக்குக் கீழே இறங்குகிறது, அதைச் சுவாசித்தால் ஆயுசு கெட்டி, நம் முன்னோர்கள் அதனால்தான் அந்த நேரத்தில் எழச் சொன்னார்கள் என்று. நானும் நம்பினேன். ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் இதைச் சொல்லிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். (சோப்பு டப்பா.) உண்மை என்னவென்றால், நம்மைக் காக்கும் ஓசோன் படலம் பெரும்பாலும் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்காக அது மார்கழியில் கீழே வருவதில்லை. தரையோரம் உண்டாகும் ஓசோன் வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்குவது. அது நுரையீரலுக்குக் கெடுதல். வெயில் இல்லாத விடியற்காலையில் அது குறைவாகத்தான் இருக்கும். ஆக, ஓசோன் இல்லாததுதான் அந்த நேரத்தின் விசேஷம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதற்காக அதிகாலைக் காற்று எல்லா இடத்திலும் சுத்தம் என்றும் எண்ண வேண்டாம். குளிர்ந்த ராத்திரியில் தரையோரக் காற்று கனத்துப்போய்க் கீழேயே தங்கும், மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். மூடி போட்ட பாத்திரம் மாதிரி. குப்பை எரித்த புகையும் பஸ் புகையும் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். போகிப் பண்டிகை அன்று ஊரே மங்கலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புறவழிச்சாலையில் ஓடுகிறவர்களைவிட வாய்க்கால் கரையில் ஓடுகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

விடியாத விடியல்

எழுந்திருக்க முடியாததற்குக் குளிரைவிடப் பெரிய காரணம் இருட்டு. ஜூன் மாதம் நம் தஞ்சையில் சூரியன் சுமார் 5.50-க்கு எழுந்துவிடுகிறான். டிசம்பர் 21 வாக்கில் 6.27 ஆகிறது. அதோடு முடிந்தது, இனிப் பகல் நீளும் என்றுதானே நினைப்போம்? பகல் நீள்வது நிஜம். ஆனால் அந்த நீளம் முதலில் சாயங்காலப் பக்கம்தான் சேருகிறது. காலைப் பக்கம் இன்னும் பிந்திக்கொண்டே போய் ஜனவரி மூன்றாம் நான்காம் வாரத்தில் 6.36 வரைக்கும் போகும். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் உச்சிப்பொழுது கடிகாரத்தில் நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளிப்போகிறது. பொங்கலுக்கு அப்புறம் ஓடிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: பொங்கல் போய்ப் பத்து நாள் கழித்தும் விடியல் மார்கழியைவிட இருட்டாகத்தான் இருக்கும். நாங்கள் ஏமாந்தது இதில்தான்.

வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் மூளை மெலட்டோனின் என்னும் தூக்கச் சுரப்பை நிறுத்துகிறது. உடம்பின் உள்வெப்பம் ஒரு நாளில் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு. அதாவது, நாம் அலாரம் வைக்கும் அதே நேரத்தில்தான் உடம்பு தன் அடுப்பை அணைத்து வைத்திருக்கிறது. எழுந்த முதல் கால் மணி, அரை மணி நேரம் மூளைக்குப் பாதித் தூக்கம்தான். அந்த நேரத்தில் "இன்னிக்கு வேணாம்" என்று அது எடுக்கும் முடிவை நம் முடிவு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. ராத்திரி பன்னிரண்டு வரை செல்போன் வெளிச்சத்தைக் கண்ணில் அடித்துக்கொண்டு படுக்கிறவர்களுக்கு இந்தக் கடிகாரம் இன்னும் பிந்தும். விடுதி நண்பர்களைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை!

குளிர்ந்த எஞ்சின்

இது நம்ம துறை. காலையில் பழைய மொபெட்டை ஸ்டார்ட் செய்பவரைக் கவனியுங்கள். சோக்கை இழுப்பார், நாலு உதை உதைப்பார், ஓடத் தொடங்கியதும் உடனே கிளம்ப மாட்டார். ஒரு நிமிஷம் ஓடவிடுவார். ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று போட்டிருக்குமே, அந்த டபிள்யூ விண்டர், அதாவது குளிர்காலம். குளிரில் எண்ணெயின் பிசுப்பு கூடும். பாகங்களுக்குள் போய்ச் சேர நேரமாகும். சூடாகாத எஞ்சினை உறுமவிட்டால் தேய்மானம் அதிகம்.

நம் மூட்டுகளுக்குள்ளும் ஒரு வழவழப்பான திரவம் இருக்கிறது. குளிரில் அதுவும் கெட்டியாகிறது. தசை குளிர்ந்தால் உள்ளே நடக்கும் வேதிவினைகள் மெதுவாகின்றன, நரம்புக் கட்டளை போகும் வேகமும் குறைகிறது. தசையின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அது தரும் திறன் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை குறையலாம் என்கிறார்கள் உடலியல் அறிஞர்கள். மூன்று சதவீதம் என்றே வையுங்கள். 7 நிமிஷம் என்பது 420 விநாடி. அதில் மூன்று சதவீதம் பன்னிரண்டரை விநாடி.

அண்ணன் தேர்வன்று விடியற்காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டார். வெறும் பனியனோடு சிமெண்டுத் தரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தன் எண் கூப்பிட்டதும் எழுந்து நேரே கோட்டில் போய் நின்றார். எஞ்சின் ஐஸாக இருந்திருக்கும். வார்ம்-அப் என்றால் ஸ்டைலுக்குச் செய்வது என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் எண்ணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், பயிற்சியும் விட்டுப்போயிருந்ததே. ஆனால் ஒரு பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே குதித்திருந்தால் ஒன்பது விநாடி கிடைத்திருக்காதா என்று நினைக்காத நாளில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது சந்தோஷமான கணக்கு. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் ஓடிக் கொண்டுபோக உடம்பு சுமாராக ஒரு கிலோ கலோரி செலவழிக்கும். 60 கிலோ ஆள் 1500 மீட்டர் ஓடினால் 90 கிலோ கலோரி. நம் தசையின் பயனுறுதிறன் இருபது, இருபத்தைந்து சதவீதம்தான். மீதி எழுபது கிலோ கலோரி சூடாகத்தான் வெளிவர வேண்டும். 60 கிலோ உடம்பின் வெப்பத்தை ஒரு டிகிரி ஏற்ற 50 கிலோ கலோரி போதும். வெளியே எதுவும் போகாமல் இருந்தால் ஏழு நிமிஷ ஓட்டத்தில் உடம்பு ஒன்றரை டிகிரி கிட்டச் சூடாகிவிடும்! போகத்தான் போகும், வியர்வை அதற்குத்தானே. ஆனால் நம் ஊர்க் குளிரை நாலைந்து நிமிஷ ஓட்டம் அடித்துவிடும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். வெப்ப இயக்கவியல் பாடத்தில் ஆர்வம் வந்ததே எனக்கு இதற்குப் பிறகுதான். சித்திரையில் ஓடினால் அதே எழுபது கிலோ கலோரியை வெளியேற்ற முடியாமல் தள்ளாடுவோம். நீண்ட தூரம் ஓடிப் பழகுவதற்குத் தஞ்சாவூரில் ஏற்ற காலம் மார்கழியும் தையும்தான். வெறுக்கிறோமே, அந்தக் காலம்.

ஆண்டாளின் ஏற்பாடு

போர்வையிலிருந்து ஆளை எழுப்புவது பற்றி நம் தமிழில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே முப்பது பாட்டு எழுதி வைத்துவிட்டார்கள். திருப்பாவையைப் பக்தியாகத்தான் கேட்டிருக்கிறோம். இந்த வருஷம் கோவில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே ஓடியபோது வேறொன்று தோன்றியது. ஆறாவது பாட்டிலிருந்து பதினைந்தாவது பாட்டு வரை பத்துப் பாட்டும் தூங்குகிற பெண்களை வீடு வீடாகப் போய் எழுப்புவதுதான். ஒருத்தி பதில் பேசமாட்டாள், ஒருத்தி உள்ளிருந்தே சாக்குச் சொல்வாள். மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலும் இதே கதை. தனியாக எழுந்து தனியாக நீராடப் போகிறவர் அதில் யாருமில்லை. ஒருத்தரை ஒருத்தர் எழுப்பித்தான் ஆற்றுக்குப் போக முடியும்.

எங்கள் ஊர் பஜனை மடத்திலும் அதே ஏற்பாடுதான். ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி, கூட்டமாகத் தெருவைச் சுற்றுவது, முடிவில் சுடச்சுட வெண்பொங்கல். எழுப்ப ஆள், கூடப் போகக் கூட்டம், முடிந்ததும் கையில் ஒன்று. அந்தப் பொங்கலுக்காகவே பாதிப் பசங்கள் எழுந்திருப்பார்கள். நானும் அந்தப் பாதியில்தான். அக்கா தங்கைகளோ நாலரைக்கே எழுந்து, வாசல் தெளித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தும் எழுந்தும் அரை மணி நேரம் கோலம் போடுகிறார்கள். நாம் அதை உடற்பயிற்சி என்று கணக்கில் எடுப்பதே இல்லை. எதிர்வீட்டுக் கோலத்தைவிட நம் வீட்டுக் கோலம் பெரிசாக இருக்க வேண்டும் என்ற போட்டி இருக்கிறதே, அதற்கு முன்னால் பனியாவது ஒன்றாவது.

என்னிடம் இந்த மூன்றும் இருந்தன. அண்ணன் கதவைத் தட்டினார், கூட வந்தார். தட்டின ஆளிடம் நான் பொய் சொன்னேன். கதவைத் தட்டினால் போதாது, நான் போகாவிட்டால் அவர் நின்றுவிடுவார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாததுதான் தப்பு.

அப்பாவின் சிரிப்பு

இந்த வருஷம் நான் மறுபடி ஆரம்பித்தபோது அப்பா சிரித்தார். "ஓடுறதுன்னா எதையாவது துரத்தணும், இல்ல எதுவாவது நம்மள துரத்தணும். நீ எதுக்குடா ஓடுற?" என்றார். அம்மா, "வெறும் வயித்துல ஓடாத, ரெண்டு வாய் நீராகாரமாச்சும் குடிச்சிட்டுப் போ" என்றதோடு சரி. டீக்கடையில் ஒரு பெரியவர், "எங்க தம்பி ஓடுறிய, பஸ்ஸை விட்டுட்டியளா?" என்று தினமும் கேட்பார். தினமும் அதே கேள்வி, தினமும் அதே சிரிப்பு.

அப்பா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பெஞ்சில் உட்கார்ந்து படித்ததில்லை. அம்மா நடவுக்குப் போனால் முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பார். அப்பா மார்கழிக் குளிரில் ஐந்து மணிக்கு மண்வெட்டியோடு தண்ணீர் பார்க்கப் போவார். அவர்களுக்கு வேறே பயிற்சி எதற்கு? ஆனால் நான் அந்த வேலையும் செய்வதில்லை. காலையில் பஸ், எட்டு பீரியட் பெஞ்சு, மறுபடி பஸ். அவர்கள் சாப்பிடுகிற அதே அளவுச் சோறு மட்டும் சாப்பிடுகிறேன். இந்தியாவில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது, ஏறக்குறைய பத்துக் கோடிப் பேர். வயலை விட்டு நாற்காலிக்கு வந்த முதல் தலைமுறை நாம். நம்மைப் போல உள்ளவர்கள் அந்தக் கணக்கில் சுலபமாகச் சேர்ந்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. அப்பாவுக்கு அது காலை டீக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

அப்பாவிடம் ஒருநாள் கேட்டேன்: "உங்களுக்கு எப்படிப்பா தினம் எழுந்திரிக்கத் தோணுது?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "தோணுறதாவது? மடையத் தொறந்து வச்சிருக்கேன், போயி அடைக்கணும்ல" என்றார். இப்போது அவர் மண்வெட்டியை எடுக்கும்போது என் காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். அலாரத்தை அணைக்கலாம், அப்பாவை அணைக்க முடியாது.

நாங்கள் செய்வது

இந்த மார்கழியில் அண்ணனும் நானும் மறுபடி ஓடுகிறோம். அவர் மறுபடி எழுத்துத் தேர்வு எழுதியிருக்கிறார். நாங்கள் கண்டுகொண்டதை அப்படியே சொல்கிறேன்.

ராத்திரியே கால்சட்டை, பனியன், பழைய ஸ்வெட்டர், டார்ச் எல்லாவற்றையும் தலைமாட்டில் வைத்துவிடுவது. ஸ்வெட்டரைப் போர்வைக்குள்ளேயே போட்டுக்கொண்டு எழுவது. நான் சொன்ன பதிமூன்று டிகிரித் தாவலை இது பாதியாகக் குறைக்கும். செல்போனை எட்டாத தூரத்தில் வைப்பது. ஓட வேண்டும் என்று நினைக்கவே நினைக்காதீர்கள், மதகு வரை நடந்து போனால் போதும், அங்கிருந்து திரும்பி வந்தாலும் கேட்பாரில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு நாள்தான் திரும்பி வந்தோம். இரண்டு நாளும் மழை.

மதகில் பத்து நிமிஷம் மெதுவாக நடை, பிறகு கை கால் சுழற்றுவது, பத்துப் பஸ்கி, கொஞ்சம் துள்ளல். குளிர்ந்த தசையை முதலிலேயே பிடித்து இழுத்து வளைக்கக் கூடாது, அது ஓடி முடித்த பிறகு. முதல் 400 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுவோம். 7 நிமிஷத்தில் 1500 என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி. அது பெரிய வேகம் இல்லை. முதலிலேயே 20 விநாடியில் பறந்துவிட்டுப் பாலத்தருகே மூச்சு வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அக்னிவீர் ஆள்சேர்ப்புக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு கடுமை. 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண்.

குளிரில் தாகம் தெரியாது. தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே ஒதுங்குவதால், அளவு கூடிவிட்டது என்று நினைத்துச் சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றும். மார்கழியில் அடிக்கடி ஒதுங்கத் தோன்றுவதன் ரகசியம் இதுதான். ஆகவே தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். குளிக்க மேல்தொட்டித் தண்ணீர் வேண்டாம், ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். பம்புசெட்டு ஓடுகிற இடமாகப் பாருங்கள். பூமிக்கு அடியில் வெப்பம் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் மார்கழியில் ஆழ்குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். சித்திரையில் அதே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மாறுவது தண்ணீரில்லை, நாம்தான்.

வரப்பில் ஓடாதீர்கள். நெல் இருக்கிற இடத்தில் எலி, எலி இருக்கிற இடத்தில் பாம்பு. கரை மேலே, டார்ச்சோடு போங்கள். தார் ரோட்டில்தான் ஓட வேண்டுமென்றால் வெளிர் நிறச் சட்டை போட்டு, வண்டி எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள். மூடுபனியில் லாரிக்காரருக்கு நாம் தெரியவே மாட்டோம். கனத்த மூடுபனி நாளில் ரோட்டுப் பக்கம் போகவே வேண்டாம். மழை பெய்த மறுநாள் நம் களிமண் கரையில் கால் வைத்தால் ஆளுக்கு ஒரு கிலோ மண் செருப்பில் ஒட்டும். அன்றைக்கு விடுதி மாடிப்படி இருக்கிறது, கயிறு தாண்டலாம். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குக் குளிர்காற்று ஆகாது. மூக்கில் துணி சுற்றிக்கொண்டு நடக்கலாம், அல்லது சாயங்காலம் நாலரைக்கு ஓடலாம். அதிகாலைதான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ள பெரியவர்களை ஆர்வக்கோளாறில் மார்கழி இருட்டில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும். வெயில் வந்தபின் அவர்கள் பெரிய கோயில் பக்கம் நடக்கட்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். லண்டனில் லாலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் புதுப் பழக்கம் தானாக வருவதற்கு எத்தனை நாளாகிறது என்று பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். சராசரியாக 66 நாள். சிலருக்குப் பதினெட்டே நாள், சிலருக்கு 250-க்கு மேல். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதில் தெரிந்தது. மார்கழி இருபத்தொன்பதோ முப்பதோ, தையும் அப்படியே. மார்கழி ஒன்றாம் தேதி ஆரம்பித்தவனுக்கு மாசி முதல் வாரம் 66 முடியும். நான் அன்று விட்டது பன்னிரண்டாம் நாளில்.

நம் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014-ல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். ராணுவ வீரர் அவர். நாம் அந்த அளவுக்கு ஓடப்போவதில்லை. எங்களுக்கு வேண்டியது ஒன்பது விநாடி.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் 6 நிமிஷம் 43 விநாடியில் வந்தார். நான் 7.20. வாட்ச்சை அவர்தான் பார்த்துச் சொன்னார். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது மாசி பிறந்திருக்கும், பனி குறைந்திருக்கும், ஆனாலும் காலை 5.30-க்கு இருட்டாகத்தான் இருக்கும். விடுதியிலிருந்து நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு முதல் டவுன் பஸ் 5.05-க்கு. மதகு ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் சொன்னால் நிறுத்துவார். டார்ச் கொண்டு வரவும். என் டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டது.